கடைசிச் சரணத்தில் இறங்கும் பாட்டு

ரராவாயில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் சரி, பெண்ணை வண்டி ஏற்றும் நேரம் வந்துவிட்டால் எல்லாரும் சின்னப்பனைத் தேடுவார்கள். பூசாரி தாமதமாக வந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் முணுமுணுப்போடு விட்டுவிடுவார்கள். ஆனால் சின்னப்பனின் ஆர்மோனியப் பெட்டி வந்து சேராமல் பெண் வாசலைத் தாண்ட மாட்டாள். அப்படி ஒரு பழக்கம் அந்த ஊருக்கு வந்துவிட்டது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியாது.

இத்தனைக்கும் மனிதர் பெரிய வித்வான் ஒன்றும் இல்லை. ரராவாய் சர்க்கரை ஆலையின் தச்சுப் பட்டறையில் வேலை. அப்பா கிர்மிட் என்கிற ஒப்பந்தக் கூலிக் கப்பலில் பிஜிக்கு வந்து, கரும்பு வெட்டி, ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பாமல் இங்கேயே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தங்கிவிட்டவர். மகனுக்குக் கரும்பு வேண்டாம், கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று பட்டறையில் சேர்த்துவிட்டார். உளியும் இழைப்புளியும் பழகிய கைக்கு ஆர்மோனியம் வந்தது எப்படி என்றால், அது எலி செய்த உபகாரம்.

ஊர்த் தமிழர்கள் சங்கம் ஆரம்பித்த புதிதில் பஜனைக்கென்று ஓர் ஆர்மோனியம் வாங்கினார்கள். வாங்கிய வேகத்தில் வாசிக்க ஆளில்லை. மூலையில் கிடந்த பெட்டியின் துருத்தியை எலி கடித்துக் குதறிவிட்டது. சின்னப்பன் அதைத் தூக்கிக்கொண்டு போய், பழைய செருப்புத் தோலை ஒட்டி, புதுக் கீல் வைத்துச் சரி செய்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? அதற்காக ஒரு கட்டையை அமுக்கினார். அப்புறம் இன்னொரு கட்டை. பெட்டி சங்கத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. அவர் இல்லாத பஜனையும் அதற்கப்புறம் நடக்கவில்லை.

அந்தக் காலத்தில் அவருக்கு உயிர்ச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அப்துல் ரஷீத். பா நகரத்துக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். அவர் அப்பாவும் சின்னப்பனின் அப்பாவும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பல் சொந்தம் என்பது ரத்த சொந்தத்தைவிடக் கெட்டி என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். ரஷீத் பாய்க்கு எதிலும் கொஞ்சம் ஷோக்கு. ஆலையில் இருந்த வெள்ளைக்கார ஓவர்சியர் ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, அவன் வீட்டுக் கிராமபோன் பெட்டியை இவர் வாங்கிவிட்டார். கையால் சாவி முடுக்கினால் பாடும் பெட்டி. கடைவீதியே வந்து நின்று வாயைப் பிளந்து கேட்டது.

தட்டுகள் எல்லாம் இந்தி. சின்னச் சின்னத் தட்டுகள். கப்பலில் வேலை பார்த்த ரஷீதின் மச்சான் ஒருமுறை மதராஸிலிருந்து ஒரே ஒரு தமிழ்த் தட்டு கொண்டுவந்தான். அது மட்டும் பெரியது, சாப்பாட்டுத் தாம்பாளம் போல. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் தாய் பாடுகிற பாட்டு.

சனிக்கிழமை பட்டறை அரை நாள். சின்னப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகத் தையல் கடைக்குத்தான் வருவார். ரஷீத் சாவியை இறுக முடுக்கி ஊசியை வைப்பார். முதல் சரணத்தில் தாய் புத்தி சொல்கிறாள். இரண்டாவதில் சீர் கொடுக்கிறாள். கடைசிச் சரணம் வந்ததும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கனக்கும். ஒவ்வொரு சொல்லும் வாயைவிட்டுப் போக மனமில்லாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். கடைசி வரியில் பெண் குரல் போய் வேறு ஏதோ குரலாகி, அப்படியே அடங்கிவிடும்.

“பாத்தியா சின்னப்பா,” என்பார் ரஷீத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அவளால பாட முடியல. தொண்டை அடைச்சிப் போச்சி பாவம்.”

“அழுதுகிட்டே பாடுறா பாய். இந்த மாதிரி யாரு பாடுவா?”

சின்னப்பனுக்கு அந்தப் பாட்டைத் தன் ஆர்மோனியப் பெட்டியில் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது. முதல் இரண்டு சரணம் சுலபமாக வந்தது. கடைசிச் சரணம்தான் உயிரை வாங்கியது. குரல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆர்மோனியத்தில் வழுக்க முடியுமா? கட்டை கட்டையாகத்தானே போக வேண்டும். அவர் விடவில்லை. பட்டறையில் மரத்தை இழைத்துக்கொண்டே விரலால் பலகையில் தட்டித் தட்டிப் பார்ப்பார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். சரணம் தொடங்கும்போது ஒரு கட்டை கீழே, நடுவரியில் இன்னொரு கட்டை கீழே, இரண்டுக்கும் நடுவில் துருத்தியை மெல்ல விட்டு ஒலியை நைய வைத்து, காதுக்கு அந்த மாற்றம் தெரியாமல் நழுவி இறங்குவது. தாளத்தையும் கூடவே தளர்த்திக்கொண்டு போவது. டோலக் அடித்தவனுக்கு இதைப் பழக்குவதற்குள் இரண்டு பேருக்கும் கைகலப்பு வராத குறை.

புதிதாகக் கட்டிய மனைவி உர்மிளாதான் முதலில் பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு அவரோடு இறங்கி வந்தாள். பாடி முடித்ததும், “என்னாங்க, நெஞ்ச என்னமோ பண்ணுது,” என்றாள். அவர் அதற்கு முன்னால் வேறு எந்தப் பாராட்டுக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முதன்முதலில் ஒரு கல்யாணத்தில் அதை வாசித்தபோது, அந்தப் பெண்ணின் அப்பன், ஊரையே மிரட்டிக்கொண்டு திரிகிற முரடன், வண்டி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது ரராவாயை. பா, சவேனி என்று பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். தமிழ் சரியாக வராத பிள்ளைகள்கூட, இந்தியில் பேசி இந்தியில் சண்டை போடுகிற பிள்ளைகள்கூட, அந்தக் கடைசிச் சரணத்தை மட்டும் பிசகாமல் இறக்கிப் பாடுவார்கள்.

உர்மிளாவுக்கும் சின்னப்பனுக்கும் ஒரே மகள், இந்திராவதி. இந்து. தவழும் வயதில் ஆர்மோனியப் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். உள்ளே காற்று போகிற அதிர்வு அவளுக்குப் பிடிக்கும். வளர்ந்ததும் அம்மா பக்கத்தில் நின்று கல்யாணங்களில் பாடினாள். தையல் கடையில் போய் உட்கார்ந்து தட்டு கேட்பதெல்லாம் ஆண்கள் சமாச்சாரம். அதனால் இந்து அந்தத் தட்டைக் கேட்டதே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது அப்பா பாட்டு, அவ்வளவுதான்.

அவளுக்கு வரன் வந்தது கடல் தாண்டி, அடுத்த தீவிலிருந்து. ட்ரெகேட்டியில் நெல் வயல் வைத்திருந்த ஷைலேந்திரா. நல்ல பையன், குடி கிடையாது, வாய் அதிகம் கிடையாது. ஆனாலும் ட்ரெகேட்டி! ஒரு கப்பல், அப்புறம் ஒரு லாஞ்சு, அப்புறம் சேற்றில் வண்டி. உர்மிளா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணத்தன்று தன் மகளுக்குத் தானே அந்தப் பாட்டை வாசித்தார் சின்னப்பன். வேறு யார் வாசிப்பது? மற்ற அப்பன்மார் எல்லாம் மகள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றும்போது, இவர் கை கட்டையிலும் துருத்தியிலும் இருந்தது. இந்து ஏறப் போனவள் திரும்பி வந்து அவர் பக்கத்தில் குனிந்தாள்.

“அப்பா, அங்க இத யாரு வாசிப்பா?”

அதற்குள் கடைசிச் சரணம் வந்துவிட்டது. நிறுத்தினால் பாட்டு கெடும். அவள் போய்விட்டாள்.

ஒரு வருஷம் அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. அப்புறம் ஒருநாள் சேதி வந்தது. சுவா வானொலியில் தென்னிந்தியப் பாட்டுக்காக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம். ஊர் ஊராக வந்து பாடுகிறவர்களை டேப்பில் பிடிக்கப் போகிறார்களாம். பா நகரத்துக்கும் வருகிறார்களாம். ஷைலேந்திரா வீட்டில் பேட்டரி ரேடியோ இருந்தது. பேர், புகழ் என்று எதற்கும் அலையாத மனிதருக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை. கப்பல்காரன் மூலம் மகளுக்குச் சொல்லி அனுப்பினார். ரேடியோவில் அப்பா பாட்டு வரும், கேள்.

வானொலியிலிருந்து வந்த பையன் பெயர் பாலசுப்பிரமணி. மடிப்புக் கலையாத சட்டை, பவ்வியமான பேச்சு, சுத்தமான தமிழ். சங்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் டேப் மிஷினை இறக்கி வைத்தான். மறுநாள் பதிவு, இன்றைக்கு ஒத்திகை என்றான். சின்னப்பனும் உர்மிளாவும் இரண்டு பெண்களும் பாடிக் காட்டினார்கள். ரஷீத் பாய் அத்தர் பூசிக்கொண்டு வந்து முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார், ஏதோ தன் வீட்டுக் கல்யாணம் போல.

பாட்டு முடிந்தது. பாலசுப்பிரமணி தயங்கினான்.

“ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. கடைசிச் சரணத்துல மட்டும் சுருதி இறங்குது.”

“ஆமாம் தம்பி,” என்றார் சின்னப்பன் பெருமையாக. “இறங்கணும்.”

“இல்லீங்க ஐயா. இந்தப் பாட்டு எனக்குத் தெரியும். இறங்காது.”

“யாரு சொன்னது?” என்று ரஷீத் எழுந்துவிட்டார். “தட்டு எங்கிட்ட இருக்கு தம்பி. இருபது வருசத்துக்கு மேல கேக்குறேன். இரு, கொண்டாறேன்!”

கொண்டுவந்தார். துணியில் சுற்றி, மார்போடு அணைத்து, வேர்க்க விறுவிறுக்க. பாலசுப்பிரமணியிடம் கரண்டில் ஓடும் தட்டு மிஷின் ஒன்று இருந்தது. அதில் வைத்தான். எண்ணெய் கொதிப்பது போல இரைச்சல், அதற்குள்ளிருந்து அந்தத் தாய். முதல் சரணம். இரண்டாவது. சின்னப்பன் கடைசிச் சரணத்துக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் இறங்கவில்லை.

தொடங்கிய இடத்திலேயே, அதே சுருதியில், அதே தாளத்தில், கணீரென்று பாடி முடித்தாள். தொண்டையும் அடைக்கவில்லை, அழவும் இல்லை. இன்னும் சொன்னால் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தாள்.

“உன் மிஷின்ல ஏதோ கோளாறு தம்பி,” என்றார் ரஷீத்.

அந்தப் பையனுக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். கையால் முடுக்கும் மிஷினுக்குள்ளே ஸ்பிரிங் இருக்கும். எப்போதோ அது அறுந்து, அறுந்த துண்டைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மாட்டியிருப்பார்கள். குட்டை ஸ்பிரிங் சின்னத் தட்டுக்குப் போதும். பெரிய தட்டு என்றால் முடிவதற்குள் அதற்குத் தெம்பு போய்விடும். தட்டு மெதுவாகச் சுற்றும், குரல் இறங்கும். உங்களிடம் பெரிய தட்டு இது ஒன்றுதான், அதனால் தெரியாமல் போயிருக்கும்.

சின்னப்பன் தன் விரல்களைப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரன் வீட்டு ஸ்பிரிங் களைத்துப் போனதை, ஒரு தாயின் அழுகை என்று நம்பி, இத்தனை வருஷம், இத்தனை கல்யாணத்தில்! அவருக்கு அவமானமாக இருந்தது. அந்த அறையைவிட்டு எழுந்து போகக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் ஐயா,” என்றான் பையன். “நாடு பூரா கேக்கும். அந்தத் தட்டு வெச்சிருக்கிறவங்க சிரிச்சிடக் கூடாது. நாளைக்கு நேரா வாசிச்சிடுங்க. உங்களுக்கு அது ஒரு கஷ்டமா?”

கஷ்டமே இல்லை. வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தார். நேராக வாசிப்பது பச்சைப் பிள்ளை வேலை. இறக்குவதுதானே அவர் தலையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது! உர்மிளா கூடவே நேராகப் பாடினாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. எல்லார் பாட்டையும் போல நன்றாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரஷீத் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“சின்னப்பா, அந்தக் கிராமபோன் பெட்டிய ஒடச்சி அடுப்புல போட்டுடவா?”

“உள்ள வா பாய், பைத்தியம் மாதிரி பேசாத.”

“என்னாலதானே? ஊருக்கெல்லாம் பெருமையா போட்டுக் காட்டினேனே. ஒன் பேரைக் கெடுத்துட்டேனே.”

“உன் பெட்டி இல்லேன்னா எனக்குப் பாட்டே கிடையாது பாய்,” என்றார் சின்னப்பன். சொல்லிவிட்டு அவரே அதை யோசித்துக்கொண்டிருந்தார். உர்மிளா இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமலே ஆறிப்போனது.

மறுநாள் பதிவுக்கு உட்கார்ந்தபோது நேராக வாசிக்கும் முடிவோடுதான் உட்கார்ந்தார். சத்தியமாக. முன்னால் ஒரு இரும்புக் குச்சியில் மைக் நின்றது. பாலசுப்பிரமணி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கையைக் காட்டினான். டேப் சுருள் சுற்ற ஆரம்பித்தது. முதல் சரணம் முத்து முத்தாக விழுந்தது. இரண்டாவதும். இந்த மைக்குக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. நாடு பூரா இருக்கலாம். அவருக்குத் தெரிந்து ஒருத்தி இருந்தாள். அவள் தட்டைக் கேட்டவள் இல்லை. நேராக வாசித்தால் அவளுக்கு இது யாரோ ஒரு மனிதன் வாசிக்கிற ஏதோ ஒரு பாட்டு. ரேடியோ முன்னால் உட்கார்ந்து, “இது எங்கப்பா இல்ல,” என்று நினைத்துவிட்டால்?

சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும். சின்னப்பன் துருத்தியை மெல்ல விட்டார். ஒரு கட்டை இறங்கினார். உர்மிளா திடுக்கிட்டுப் பார்த்தாள், ஆனால் ஒரு மூச்சுகூடப் பிசகாமல் அவரோடு இறங்கினாள். மற்றப் பெண்களும் இறங்கினார்கள், ஏதோ இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைத்த நிம்மதியோடு. பின் வரிசையில் ரஷீத் பாய் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

பாலசுப்பிரமணி கோபப்படவில்லை. காதிலிருந்ததைக் கழற்றி வைத்தான். “சரிங்க ஐயா. நான் பாத்துச் செய்றேன், கவலைப்படாதீங்க,” என்றான். அடுத்த கோஷ்டி வாசலில் காத்துக்கொண்டிருந்தது. போட்டுக் காட்டக்கூட நேரமில்லை.

பாட்டு எந்த ஞாயிறு வரும் என்று தெரிந்ததும் உர்மிளாதான் சொன்னாள். “நீங்க போய் அவகூட உக்காந்து கேளுங்க. அவ வேற ஏழு மாசம் முழுகாம இருக்கா. நான் பிரசவத்துக்குப் போறேன், நீங்க இப்ப போங்க.” ஆர்மோனியப் பெட்டியை எடுத்தவரைத் தடுத்துவிட்டாள். “உப்புக் காத்துல ரீடு போயிடும். வெச்சிட்டுப் போங்க.” வெறுங்கையோடு கப்பல் ஏறினார். அவருக்கு அது சட்டை போடாமல் தெருவில் நடப்பது போல இருந்தது.

ட்ரெகேட்டியில் வயல்கள் பச்சையாக நின்றன. இந்து வாசலில் நின்று, ஓட முடியாமல், இருந்த இடத்திலேயே அழுதாள். சம்பந்தியம்மாள் கமலா நல்ல மனுஷி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டாள். பாய் விரித்து, நடுவில் நங்கோனா வேர்ப்பொடி கரைத்த பாத்திரம் வைத்து, கிண்ணம் கை மாறிக்கொண்டிருந்தது. முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மருமகளின் அப்பா ரேடியோவில் வருகிறார் என்றால் சும்மாவா? எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஷைலேந்திரா ரேடியோவின் முன்னால் மண்டி போட்டுக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான்.

வந்தது. “ரராவாய் சின்னப்பன் குழுவினர்,” என்று ஒரு குரல் சொன்னது. கூட்டம் கை தட்டியது. இந்து எல்லாரையும் அதட்டி அடக்கினாள். தூணில் சாய்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆர்மோனியம் எழுந்தது. அம்மாவின் குரல் வந்ததும் அவள் உதடும் கூடவே அசைந்தது. முதல் சரணம். இரண்டாவது சரணம். சின்னப்பன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சரணத்தின் வாசலில் பாட்டு தேய ஆரம்பித்தது. தேய்ந்து தேய்ந்து, காணாமல் போனது. “அடுத்து வருவது,” என்றது அந்தக் குரல்.

“பேட்டரி டவுனா?” என்று ஷைலேந்திரா ரேடியோவின் முதுகில் தட்டினான்.

பேட்டரி இல்லை. சின்னப்பனுக்குப் புரிந்துவிட்டது. பாத்துச் செய்றேன் என்றானே, செய்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் இல்லை. கிழவனைப் பார்த்து நாலு பேர் சிரிக்கக் கூடாது என்று நல்ல மனதோடு அந்த இடத்தை வெட்டியிருக்கிறான். ஆனால் எதற்காகக் கடல் தாண்டி வந்தாரோ, எதை மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவ்வளவு பேர் முன்னால் துணிந்து இறங்கினாரோ, அது மட்டும் இல்லை. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லை. மனது அப்படியே விட்டுப்போயிற்று.

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் இந்து பாட ஆரம்பித்தாள்.

ரேடியோ விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். ஒரு கட்டை கீழே. பெட்டி இல்லை, டோலக் இல்லை, அம்மா இல்லை. பெரிய குரலும் இல்லை அவளுக்கு. வயிற்றுச் சுமையில் மூச்சு வாங்கியது. வாங்கிய இடத்தில் நின்று, விட்ட சொல்லைத் திரும்ப எடுத்து, நடுவரியில் இன்னொரு கட்டை கீழே போனாள். ‘போன வண்டிச் சத்தம் போக மாட்டேங்குதே மகளே’ என்கிற கடைசி வரியை அவ்வளவு மெதுவாக, விடமாட்டேன் என்பது போல இழுத்துப் பாடினாள்.

சின்னப்பன் இந்தப் பாட்டை எத்தனையோ முறை வாசித்திருக்கிறார். ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எப்போதும் துருத்தியைக் கவனிக்க வேண்டும், டோலக்காரனை முறைக்க வேண்டும், பெண்கள் இறங்கிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். தன் மகள் வண்டி ஏறிய அன்றுகூட அவர் வேலையாகத்தான் இருந்தார். இப்போது கைக்கு வேலை இல்லை. முதன்முதலாக அந்தப் பாட்டு அவர் மேலேயே வந்து விழுந்தது. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத முரடனுக்கு என்ன நடந்தது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அடுத்தவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டு, மகளை அனுப்பிய அப்பன் வாய்விட்டு அழுதார். வெட்கப்படவே இல்லை.

இந்து பாடி முடித்து, மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழ் தெரியாதவர்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கிண்ணம் நகராமல் ஒருவர் கையிலேயே நின்றுவிட்டது.

கமலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தமிழில் கேட்டாள். “சம்பந்தி, நானும் எத்தனையோ பாட்டு கேட்டிருக்கேன். இப்படிக் கீழ கீழ போயி மனசப் பிசையுறது கேட்டதில்ல. இது மதராசுப் பாட்டா?”

ஸ்பிரிங் கதையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. இந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இல்லீங்கம்மா,” என்றார் சின்னப்பன், எல்லாருக்கும் கேட்கும்படி. “மதராஸ்ல இப்படிப் பாட மாட்டாங்க. இது ரராவாய்ப் பாட்டு. நாங்க பண்ணினது.”